தரமணிப் பூங்காவா, உள்ளூர்க் கல்லூரி லேபா: ஒரு பம்ப் பட்டறையின் அனுபவம்

நான்கு வருடத்துக்கு முன்னால் நாங்கள் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. கோவை கணபதியில் எங்கள் பட்டறை. பதினாறு பேர் வேலை செய்கிறோம். தோட்டத்துக் கிணறுகளுக்கான, தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் பம்ப்தான் எங்கள் பிழைப்பு. அதே தண்ணீரைக் குறைந்த கரண்டில் ஏற்றுகிற ஒரு புது மாடலும், அதோடு சேர்த்து விற்க ஒரு கன்ட்ரோலரும் செய்ய ஆசைப்பட்டோம். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் வடிவத்தையும், மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுருளான காயிலைக் கட்டும் முறையையும் மாற்ற வேண்டும். எங்கள் கைப்பழக்கம் மட்டும் அதற்குப் போதாது, படித்தவர்களின் துணை வேண்டும் என்று தெரிந்தது.

இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சென்னை தரமணியில் இருக்கும் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்கா. அங்கே ஒரு சின்ன அறை எடுத்து, என் தம்பி மகனை உட்கார வைப்பது. இன்னொன்று, டவுன் பஸ்ஸில் இருபது நிமிடத்தில் போய்விடக்கூடிய ஒரு பொறியியல் கல்லூரி. நாங்கள் உள்ளூர்க் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தோம். கல்லூரியின் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போவது கோவையில் இன்னும் சில கல்லூரிகளுக்கும் பொருந்தும்.

பல்கலைக்கழகம் வந்தால் வட்டாரம் வளரும் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். உண்மைதான். விடுதி, மெஸ், ஜெராக்ஸ் கடை, வாடகை வீடு, ஆட்டோ ஸ்டாண்ட் எல்லாம் வரும், நிலத்தின் விலை ஏறும். ஆனால் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வந்தாலும் இதெல்லாம் வரும். பல்கலைக்கழகம் மட்டுமே செய்யக்கூடியது எது என்பதுதான் பார்க்க வேண்டியது. அதில் இந்த இரண்டு வழிகளும் நிறைய வேறுபடுகின்றன.

தரமணி வழி

ஆராய்ச்சிப் பூங்கா 2010-ல் திறந்தது. ஒரு பல்கலைக்கழகத்தோடு ஒட்டி இந்தியாவில் எழுந்த முதல் ஆராய்ச்சிப் பூங்கா அதுதான். பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று வளர்த்தது. ஏறக்குறைய 12 லட்சம் சதுர அடி. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1951-லேயே தன் நிலத்தில் கம்பெனிகளைக் குடியேற்றியது. அதே யோசனையை நம் ஊருக்குத் தக்கபடி செய்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய புள்ளி முறை. வாடகை கட்டினால் மட்டும் போதாது, ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து வேலை செய்து அதற்கான புள்ளிகளையும் சேர்க்க வேண்டும். ஆராய்ச்சித் திட்டம் கொடுப்பது, மாணவர்களை வேலைக்குச் சேர்த்துக்கொள்வது என்று பல வகையில் சேர்க்கலாம். கம்பெனிக்காரர்கள் வெறும் ஆபீஸ் இடமாக நினைத்து வந்து உட்கார்ந்துவிடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு.

பலனும் கண்ணுக்குத் தெரிகிறது. ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு பேர் 2013-ல் தொடங்கிய மின்சார ஸ்கூட்டர் கம்பெனி ஏதர் எனர்ஜி அங்கே முளைத்ததுதான். 2017-ல் தொடங்கிய அக்னிகுல், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் செய்த இன்ஜினை வைத்து 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டது. எரிதல் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் அந்த வளாகத்தில் இருக்கிறது. வேறு எந்த ஊரில் ஓர் இளைஞர் கூட்டத்துக்கு அது கிடைத்திருக்கும்? இந்த மாதிரி வேலைக்கு உள்ளூர்க் கல்லூரியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

ஆனால் வட்டாரம் என்ற கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். ஏதரின் தலைமையிடம் பெங்களூருக்குப் போனது. தொழிற்சாலை ஓசூரில் எழுந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாட்டுக்கே விதை கொடுக்கும் இடம் அது. நாற்றங்காலில் வளர்ந்த பயிரைப் பிடுங்கி வேறு வயலில் நடுவது வழக்கம்தானே. அப்படியானால் அந்த நாற்றங்காலை வைத்திருக்கும் ஊருக்கும் விளைச்சல் நடக்கும் ஊருக்கும் இருக்கும் தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பூங்காவுக்குள் நான் இரண்டு முறை போய்ப் பேசியிருக்கிறேன், அவ்வளவுதான். இரண்டு முறையும் மரியாதையாக, பொறுமையாகப் பேசினார்கள். உள்ளே குடியிருந்து வேலை செய்தவர்கள் என்னைவிட அதிகமாகச் சொல்ல முடியும்.

கோவை வழி

எங்கள் ஊர்க் கதையைப் பலரும் தலைகீழாகச் சொல்கிறார்கள். கல்லூரிகள் வந்ததால் தொழில் வளர்ந்தது என்று. நடந்தது வேறு. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தது. அதை நம்பிப் பஞ்சாலைகள் பெருகின. ஆலைக்கு உதிரிபாகம் வேண்டியிருந்ததால் பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் வந்தன. மழை குறைந்த இந்தப் பகுதியில் கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போனதால் பம்ப்பும் மோட்டாரும் தேவைப்பட்டன. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்துவிட்டார்கள். கிரைண்டர்கூடக் கல்லூரியில் பிறந்தது இல்லை, 1955-ல் சபாபதி என்பவர் செய்தது.

அதற்குப் பிறகு, அல்லது அதோடு கூடவே, வந்தவைதான் கல்லூரிகள். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி 1945-ல் அன்றைய மதராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கியது, அதற்கு ஜி.டி. நாயுடுவின் கொடை உண்டு. நான்கு வருடப் படிப்பு எதற்கு, இரண்டு வருடம் போதும் என்று வாதாடியவர் அவர். பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1926-ல் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டில் பம்ப்பும் மோட்டாரும் மெஷின் டூலும் செய்தார்கள். 1951-ல் அதே வளாகத்தில்தான் பி.எஸ்.ஜி. டெக் வந்தது. தொழிற்சாலையின் மடியில் உட்கார்ந்த கல்லூரி. படிப்பும் ஆலைப் பயிற்சியும் மாறி மாறி வரும் ஐந்து வருட சாண்ட்விச் படிப்பு அங்கே இன்னும் இருக்கிறது. புதுத் தொழில் தொடங்குபவர்களுக்கு 1998-லேயே ஒரு பூங்காவும் அமைத்துவிட்டார்கள்.

ஆக இங்கே தொழில்தான் கல்லூரியை இழுத்து வந்தது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்தங்கிய ஒரு மாவட்டத்தில் ஒரு கட்டடத்தைக் கட்டிப் பல்கலைக்கழகம் என்று பலகை மாட்டினால் கோவை ஆகிவிடாது. அந்த மாவட்டத்தில் ஏற்கெனவே கையில் இருக்கிற தொழில் எதுவோ, அதை அந்தப் பல்கலைக்கழகம் தொட வேண்டும்.

எது முடிவு செய்தது

வாடகை, பயணச் செலவு, பெயர், தொடர்புகள் எல்லாவற்றையும் நாங்கள் ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். பெயரும் தொடர்பும் தரமணிக்கு. செலவு கோவைக்குச் சாதகம். இதில் எதுவும் என் மனதை மாற்றவில்லை. இன்று திரும்பிப் பார்த்தால் முடிவு செய்தது ஒரே விஷயம்தான்: பம்ப் விற்ற பிறகு யார் நம்மோடு இருப்பார்கள்?

புது மாடல் கல்லூரி லேபில் நன்றாகத்தான் ஓடியது. தொட்டியில் இறக்கி, ஹெட்டை, அதாவது தண்ணீர் ஏற வேண்டிய உயரத்தை, ஏற்றி இறக்கி, தண்ணீர் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு என்று எடுத்ததில் பழைய மாடலைவிடத் தெளிவாக மேலே இருந்தது. மாணவர்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதி முடித்து மே மாதம் போய்விட்டார்கள். நாங்கள் நாற்பது பம்ப் விற்றோம். அடுத்த கோடையில் பதினொன்று திரும்பி வந்தன. காயில் கருகியிருந்தது.

உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் போய் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. 415 வோல்ட் வர வேண்டிய லைனில் 340 வந்துகொண்டிருந்தது. வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதே சுமையை இழுக்கக் கூடுதல் கரண்ட் எடுக்கும், சூடாகும், எரியும். நாங்கள் கரண்டை மிச்சம் பிடிப்பதிலேயே கவனமாக இருந்து, கூடுதல் கரண்டைத் தாங்கக் காயிலில் விட்டிருக்க வேண்டிய தாங்குதிறனை விடாமல் போய்விட்டோம். தமிழ்நாட்டில் தோட்டத்து மின்சாரம் இலவசம். விவசாயிக்கு யூனிட் மிச்சமாவதால் கையில் காசு எதுவும் வராது. அவருக்கு வேண்டியது குறைந்த வோல்டேஜிலும் எரியாத மோட்டார். எங்கள் மொத்தத் திட்டமும் கேட்காத கேள்வி அது.

அந்தச் சமயத்தில் பேராசிரியர் வேறு பொறுப்புக்கு மாறியிருந்தார். மாணவர்கள் இல்லை. லேபில் இருந்தவர் லேப் அசிஸ்டென்ட் ஒருவர்தான். இருபது வருடத்துக்கு மேல் அதே தொட்டியையும் அதே பேனலையும் பார்த்துக்கொண்டிருப்பவர். கருகிய காயிலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "415-ல ஓட்டிப் பாத்து என்னங்க ஆகப்போகுது? தோட்டத்துல வர்ற வோல்டேஜ்லயே ஓட்டிப் பாப்போங்க." வோல்டேஜை ஏற்றி இறக்க உதவும் பழைய த்ரீ பேஸ் வேரியாக் ஒன்று மூலையில் கிடந்தது, அதைத் துடைத்து இணைத்தார். ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை, நான் காயிலை மாற்றி மாற்றிக் கட்டி எடுத்துக்கொண்டு போவேன். 380, 360, 340 என்று இறக்கி இறக்கி ஓட்டுவோம். கடைசியில் செம்பு கொஞ்சம் கூட்டினோம், திறன் கொஞ்சம் குறைந்தது, சூடு கட்டுக்குள் வந்தது. இப்போது விற்பது அந்த மாடல்தான்.

இதே வேலையைத் தரமணியில் செய்திருக்க முடியாதா? அறிவு அங்கே நிச்சயம் இருக்கிறது, எங்களைவிடச் சீக்கிரமாகக்கூடக் கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் ஆறு வாரத்தில் பன்னிரண்டு முறை ஈர பம்ப்பைச் சுமந்துகொண்டு ஐந்நூறு கிலோமீட்டர் போய் வர எங்கள் மாதிரிப் பட்டறையால் முடியாது.

பராமரிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். லேபில் இருக்கிற கருவிக்கும் ஆயுள் உண்டு. ஒரு வருடம் அந்தத் தொட்டியின் ஃப்ளோ மீட்டர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகி, தண்ணீரை அதிகமாகக் காட்ட ஆரம்பித்தது. இரண்டு வாரம் நாங்கள் எடுத்த அளவெல்லாம் வீணானது. அதை அளவுத்திருத்தம் செய்யப் பணம் அடுத்த நிதியாண்டில்தான் கிடைக்கும் என்றது கல்லூரி அலுவலகம். கருவி வாங்கும்போது ஏதோ ஒரு திட்டத்தில் முழுப் பணமும் வந்திருந்தது. வருடா வருடம் அதைச் சரிபார்க்க யாரும் ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. கடைசியில் நாங்கள் நாலு பட்டறைக்காரர்கள் பங்கு போட்டுக் கட்டினோம். அன்றிலிருந்து ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு சின்னக் கட்டணம் கொடுக்கிறோம். அது தனிக் கணக்கில் சேர்ந்து, வருடத்துக்கு ஒருமுறை மீட்டர்களும் பிரஷர் கேஜ்களும் அளவுத்திருத்தத்துக்குப் போகின்றன. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கான சோதனைக்கு எப்படியும் சிடார்க் மாதிரி அங்கீகாரம் பெற்ற மையத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் அங்கே போவதற்கு முன் பத்துத் தடவை தப்புப் பண்ணித் திருத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டுமே. அந்த இடம் இந்த லேப்தான்.

கட்டடத் திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார், படம் வரும். அளவுத்திருத்தச் சான்றிதழுக்கு யாரும் வரமாட்டார்கள். எனக்குத் தெரிந்து ஒரு கல்லூரி தன் வட்டாரத்துக்கு உதவுகிறதா இல்லையா என்று பார்க்க மிகச் சுலபமான வழி, லேப் கருவியில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன ஸ்டிக்கரில் தேதி தாண்டிவிட்டதா என்று பார்ப்பது. அப்புறம், லேப் அசிஸ்டென்ட் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று கேட்பது. எங்களுக்கு உதவியவர் இன்னும் சில வருடங்களில் ஓய்வு பெறுகிறார். அவரிடம் கற்றுக்கொள்ள இதுவரை யாரையும் நியமிக்கவில்லை. இது எனக்கு உண்மையான கவலை.

கசிகிற அறிவு

இன்னொரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். முதலில் எனக்கு இது கோபத்தைத்தான் தந்தது. எங்கள் ப்ராஜெக்டில் வேலை செய்த மாணவர்களில் ஒருவர் படிப்பு முடிந்ததும் அடுத்த தெருவில் இருக்கிற போட்டிப் பட்டறையில் சேர்ந்தார். ஒரே வருடத்தில் அவர்களுடைய இம்பெல்லரும் எங்களுடையதைப் போலவே மாறியது. பூங்காவில் என்றால் ஒப்பந்தம் போட்டு, யாருக்கு எது சொந்தம் என்று எழுதி வைத்திருப்போம். இங்கே அதெல்லாம் செய்யவில்லை, செய்யவும் தெரியவில்லை.

ஒரு முதலாளியாக எனக்கு அது நஷ்டம். ஊராக எடுத்துக்கொண்டால், இப்போது எங்கள் பகுதியில் ஐந்தாறு பட்டறைகள் முன்பைவிட நல்ல பம்ப் செய்கின்றன. வெளி மாநில வியாபாரிகள் ஒரு கடையில் சரக்கு இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள், ஊரை விட்டுப் போவதில்லை. அந்த மாணவரே இன்று எங்களுக்கு ஓர் உதிரிபாகத்துக்கு ஆள் காட்டினார். சென்னைக்கோ பெங்களூருக்கோ போயிருந்தால் நான்கு வருடப் படிப்பும் அங்கே போயிருக்கும். மாணவர் ஊரிலேயே தங்குவதற்கு அவர் கை வைக்கிற மாதிரி ஒரு வேலை ஊரில் இருக்க வேண்டும், அந்த வேலையைப் படிக்கும்போதே பார்த்திருக்கவும் வேண்டும். அதே சமயம், உங்கள் தயாரிப்பின் மொத்த மதிப்பும் ஒரு ரகசியத்தில்தான் இருக்கிறது என்றால் உள்ளூர்க் கல்லூரி உங்களுக்குச் சரிப்படாது.

உள்ளூர் வழியின் மற்றக் குறைகளும் உண்டு. செமஸ்டர் கால அட்டவணைக்குள்தான் எல்லாம் நடக்கும். நவம்பரிலும் ஏப்ரலிலும் யாரையும் பிடிக்க முடியாது. பேராசிரியருக்குப் பதவி உயர்வு கட்டுரைகளைப் பார்த்துக் கிடைக்கிறதே தவிர, எரியாத மோட்டாரைப் பார்த்துக் கிடைப்பதில்லை. அதனால் நல்ல மனம் உள்ளவர்கள்கூட மாலை ஆறு மணிக்கு மேல்தான் நமக்காக உட்கார முடிகிறது.

இதே பராமரிப்பு முறை பெரிய அளவில் நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் நாமக்கல் போக வேண்டும். கோழிப்பண்ணைகளுக்கு நடுவிலேயே 1985-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. நான்கு வருடம் கழித்துத் தொடங்கிய கால்நடை அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இன்று இருக்கிறது. பண்ணைக்காரர் மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று தீவன ஆய்வகத்துக்கு மாதிரி கொண்டு போகிறார், செத்த கோழியைப் பரிசோதனைக்குக் கொண்டு போகிறார். லாரி லாரியாகத் தீவனம் அரைப்பதற்கு முன்னால் அந்த ஒரு தாள் வேண்டும். என் மைத்துனர் அங்கே பண்ணை வைத்திருக்கிறார். நான் அறிந்தது அவர் வழியாகத்தான், நேரில் வேலை செய்த அனுபவம் இல்லை. ஆனால் அவர் பேசும்போது அந்தக் கல்லூரியைத் தன் பண்ணையின் ஒரு பகுதி மாதிரித்தான் பேசுகிறார். விவசாயத்தில் இதற்கு இன்னும் பழைய வழக்கம் உண்டு. விவசாயிகளுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தரும் வேளாண் அறிவியல் நிலையங்களில் நாட்டின் முதலாவது 1974-ல் புதுச்சேரியில், எங்கள் ஊர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது. பயிருக்கு இருக்கிற இந்த ஏற்பாடு பட்டறைக்கு ஏன் இல்லை என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வேளாண் அறிவியல் நிலையம் மாதிரி, பட்டறைக்காரர் பழுதான பொருளோடு போய் நிற்க ஓர் இடம்.

ஆகவே யாராவது என்னிடம் கேட்டால், ஏற்கெனவே இருக்கிற தொழிலில் இருக்கிற பொருளைச் சரிசெய்து மேலே கொண்டுபோக நினைப்பவர்களுக்கு உள்ளூர்க் கல்லூரியைத்தான் சொல்வேன். இதுவரை யாரும் செய்யாத பொருள், பெரிய முதலீடு, உலகச் சந்தை என்றால் தரமணி. இது ஒரு தொழிலில், ஓர் ஊரில் பார்த்ததை வைத்துச் சொல்வது. மருந்து, மென்பொருள் எல்லாம் எனக்குத் தெரியாத உலகம்.

எங்கள் கன்ட்ரோலர் மட்டும் இன்னும் முடியவில்லை. வோல்டேஜ் திடீரென்று ஏறி இறங்கும்போது போர்டு போய்விடுகிறது. உள்ளூரில் மூன்று முறை மாற்றிப் பார்த்தாயிற்று, அந்த அளவுக்குப் பவர் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் எங்கள் கல்லூரியில் இப்போது இல்லை. தரமணியில் ஒரு சின்னக் கம்பெனிக்காரர்கள் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் சேரன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டிருக்கிறேன். பம்ப் லேப் தொட்டியிலேயே இருக்கட்டும், போர்டை மட்டும் பையில் வைத்து எடுத்துப் போகிறேன்.